ஓவிய வகுப்பில் சின்னப் பிள்ளைகளே முடிவு எடுக்கட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வயது முதல் ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். "இன்றைக்கு மயில்" என்று பலகையில் எழுதிப் போடும் வழக்கம் எங்கள் வகுப்பில் இல்லை. எதை வரைவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்வார்கள். இதைப் பார்த்துவிட்டு அப்பா அம்மாக்களும் தாத்தா பாட்டிகளும் மற்ற பள்ளி ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

"இஷ்டத்துக்கு வரையட்டும்னு விட்டுட்டா, அப்புறம் டீச்சர் எதுக்கு?"

இஷ்டத்துக்கு விடுவது வேறு, தேர்ந்தெடுக்க விடுவது வேறு. எங்கள் வகுப்பில் எதை வரைவது, எதைக் கொண்டு வரைவது, தனியாகவா சேர்ந்தா, படம் எப்போது முடிந்தது என்பதெல்லாம் பிள்ளையின் முடிவு. இன்றைக்கு என்னென்ன பொருள் வெளியே இருக்கும், பிரஷ்ஷை எங்கே கழுவுவது, கத்தரிக்கோலை எப்படிக் கைமாற்றுவது, எப்போது எடுத்து வைக்கத் தொடங்குவது என்பதெல்லாம் என் முடிவு. அதில் பேரம் கிடையாது.

சொல்லித் தருவதும் உண்டு. ஒவ்வொரு வகுப்பும் ஒரு சின்னச் செய்முறையோடுதான் தொடங்கும். ஈரத் தாளில் வண்ணம் எப்படிப் பரவுகிறது, களிமண் காது உதிராமல் எப்படி ஒட்டுவது, இப்படி ஒன்று. எல்லாரும் பார்ப்பார்கள். பார்த்ததை அன்றைக்கே செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது. மூன்று வாரம் கழித்து ஒரு பிள்ளை "அன்னைக்குக் காட்டினீங்களே" என்று வந்து கேட்கும். அந்தத் தேவை அதற்குள்ளிருந்தே வந்திருக்கிறது என்பதால் அப்போது கற்றது நிற்கும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஓவிய ஆசிரியர்களிடமிருந்து வளர்ந்த 'டீச்சிங் ஃபார் ஆர்ட்டிஸ்டிக் பிஹேவியர்' என்ற முறையின் பாடத்திட்டம் மொத்தமும் இதுதான்: ஓவியர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேள், குழந்தைதான் ஓவியர், வகுப்பறை அந்தக் குழந்தையின் பட்டறை. இந்தப் பக்கத்தில் வரும் பதில்கள் எல்லாமே இந்த மூன்றிலிருந்து கிளைத்தவைதான்.

"இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன்தானே? நம்ம ஊருக்கு ஒத்து வருமா?"

வெளிநாட்டில் பழையது என்பது உண்மை. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897-லேயே பிள்ளைகளுக்கென்று இப்படி ஒரு வகுப்பைத் தொடங்கினார். ஆனால் நம் நாட்டிலும் இதற்கு வயது அதிகம். சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸிடம் படித்த பரம்பரை ஒன்று உண்டு. அதில் வந்த தேவி பிரசாத், 1940-களில் சேவாகிராமம் போய் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓவிய ஆசிரியராக இருந்தார். பிள்ளைகள் தாங்களாக வரைவதைத்தான் அவர் வகுப்பின் மையமாக வைத்தார்.

தமிழ்நாட்டில் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் நினைவிருக்கும். சுவரின் கீழ்ப்பகுதியில், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை பூசி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பகுதி கொடுத்தார்கள். அந்தப் பட்டை இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. ஓவிய வகுப்புக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

"எந்த வயசுல இருந்து இப்படி விடலாம்?"

கையில் கிரையான் பிடிக்கத் தொடங்கும்போதே. தேர்வின் அளவுதான் வயதுக்கு வயது மாறும். மூன்று வயதுக்கு இரண்டு பொருள் போதும்: இன்றைக்குக் கிரையானா, களிமண்ணா? பத்துப் பொருளைப் பரப்பி வைத்தால் அந்த வயதுப் பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடும். ஐந்து வயதுக்கு நாலைந்து பொருள் தாங்கும். எட்டு வயதுப் பிள்ளை இரண்டு மூன்று வாரம் ஓடுகிற வேலையையே திட்டமிடும்.

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட், பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியை 1947-ல் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். 2 முதல் 4 வயது வரை கிறுக்கல். 4 முதல் 7 வரை உருவங்கள் பிறக்கும் காலம். தலையிலிருந்தே கால் முளைக்கும் மனிதர்கள் இதன் தொடக்கத்தில்தான் வருவார்கள். 7 முதல் 9 வரை மனிதன் என்றால் இப்படி, மரம் என்றால் இப்படி என்று தனக்கென ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு வரையும் காலம். அதற்கப்புறம் "நிஜம் மாதிரி வரணும்" என்ற ஆசை. வயதுக் கணக்கு பிள்ளைக்குப் பிள்ளை முன்னே பின்னே இருக்கும். வரிசை பெரும்பாலும் மாறாது.

"நாற்பது நிமிஷ பீரியட்ல இது எப்படி நடக்கும்?"

முதல் ஐந்து நிமிடம் செய்முறை. அப்புறம் ஒவ்வொரு பிள்ளையும் தான் எங்கே உட்காரப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போகும். இருபத்தைந்து நிமிடம் வேலை. கடைசிப் பத்து நிமிடத்தில் எடுத்து வைப்பது, கழுவுவது, இரண்டு மூன்று பேர் தங்கள் படத்தைப் பற்றிப் பேசுவது. எடுத்து வைக்கும் நேரத்தை ஒருபோதும் குறைக்காதீர்கள். அங்கே அவசரப்பட்டால் அடுத்த பீரியட் ஆசிரியர் ஈர மேசையைப் பார்த்துக் கோபப்படுவார், அடுத்த வாரம் வாட்டர் கலரே வெளியே வராது.

முடியாத படங்களுக்கு ஓர் அலமாரித் தட்டோ அட்டைப்பெட்டியோ கட்டாயம் வேண்டும். மணி அடித்ததும் படம் முடிந்தாக வேண்டும் என்றால், படம் எப்போது முடிந்தது என்று முடிவு செய்யும் உரிமை பிள்ளைக்கு இல்லை என்றுதான் பொருள்.

"எங்க வகுப்புல நாற்பது பிள்ளைங்க, நான் ஒரே ஆள். சமாளிக்க முடியுமா?"

முடியும். ஆனால் முதல் நாளே எல்லாவற்றையும் திறந்து வைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் பென்சில், கிரையான், தாள் மட்டும். எங்கே எடுப்பது, எங்கே திரும்ப வைப்பது என்பது கைப்பழக்கம் ஆகட்டும். அப்புறம் வெட்டி ஒட்டும் மூலை, அதன் பின் களிமண், கடைசியில் வண்ணக் கலவை. நீர் வண்ண மூலைக்கு ஆறு பேர்தான் என்றால், அங்கே ஆறு துணி கிளிப் தொங்கட்டும். கிளிப் இருந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் வேறு மூலை. யார் முதலில் என்ற சண்டை அதிலேயே பாதி அடங்கும். போன வாரம் இடம் கிடைக்காதவர்களை இந்த வாரம் முதலில் அனுப்புங்கள்.

ஒவ்வொரு மூலையிலும் என்ன இருக்கிறது, எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்று படம் வரைந்து ஒட்டிவிடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் அது புரியும். "மிஸ், தண்ணி எங்க?" என்ற கேள்விக்கு நாற்பது தடவை பதில் சொல்ல வேண்டியிராது. ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பதே அப்படித்தான்.

"பொருளுக்கெல்லாம் காசு ஆகுமே? அரசுப் பள்ளியில எங்க போறது?"

காசு கொடுத்து வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை போஸ்டர் கலர் நான்கு புட்டி, சில பிரஷ், முனை மழுங்கிய கத்தரிக்கோல், கிரையான். மற்ற நிறங்களைப் பிள்ளைகளே கலந்துகொள்வார்கள். பச்சையைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டால், மஞ்சளில் நீலம் விழுந்து பச்சை பிறக்கும் அந்த ஒரு நொடியை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறோம். உடைந்த கிரையான்களைத் தூக்கிப் போடாதீர்கள். துண்டு கிரையானை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். எழுதுகோல் பிடிப்புக்கு அது நல்ல பயிற்சி.

தாளுக்கு, போன வருஷத்து மாதக் காலண்டரின் பின்பக்கம். கெட்டி அட்டைக்கு, கல்யாணப் பத்திரிகை. பசைக்கு, மைதா காய்ச்சினால் போதும். தென்னை ஈர்க்கில் துணி சுற்றினால் ஒரு பிரஷ். பனை மட்டையின் முனையை நசுக்கினால் இன்னொன்று. செம்மண்ணைச் சலித்து மைதாப் பசையில் குழைத்தால் அருமையான வண்ணம். அடுப்புக் கரி இருக்கிறது, கோலமாவு இருக்கிறது. மஞ்சள் தூளைக் கரைத்துப் பூசி, அதன் மேல் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தொட்டால் தொட்ட இடமெல்லாம் செந்நிறமாக மாறும். சங்குப்பூவை வெந்நீரில் ஊற வைத்தால் நீலம். அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் ஊதா. மஞ்சள் தூளில் வரைந்த படம் வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளுக்கிறதா என்று பார்க்கவே சில பிள்ளைகள் ஜன்னலோரம் ஒட்டி வைப்பார்கள்.

வேண்டாதவை: கதவு ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட், அதில் கலக்கும் தின்னர், சுண்ணாம்பு. ரங்கோலிப் பொடியில் என்ன சாயம் கலந்திருக்கிறது என்று பெரும்பாலான பாக்கெட்டில் போட்டிருக்காது. வாயில் கை வைக்கும் வயதில் அதுவும் வேண்டாம்.

"அவன் இடது கையால வரையுறான். இப்பவே மாத்திடலாமா?"

மாற்ற வேண்டாம். எந்தக் கை என்பதும் அவன் முடிவுதான். முடிந்தால் இடது கைக்கான கத்தரிக்கோல் ஒன்று வாங்கி வையுங்கள். வலது கைக் கத்தரியால் அவன் வெட்டும்போது தாள் மடங்குவது அவன் தவறு அல்ல.

"சுதந்திரம் கொடுத்தாலும் எல்லாரும் அதே ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு வீடு, தென்னை மரம்தானே வரையுறாங்க?"

ஆமாம், முதல் மாதம் முழுக்க அதுதான் வரும். மலையிடுக்கிலிருந்து வளைந்து வரும் ஆறு, சிறகு விரித்த கோடு போல நாலு பறவை, ஓரத்தில் ஒரு தென்னை. மலையே கண்ணில் படாத தஞ்சாவூர்ப் பிள்ளையும் இதைத்தான் வரையும். காரணம் எளிது. இந்தப் படத்துக்கு எப்போதும் "குட்" கிடைத்திருக்கிறது. அக்காவுக்குக் கிடைத்தது, பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கிடைத்தது. தவறே ஆகாத படம் இது ஒன்றுதான் என்று பிள்ளைக்குத் தெரியும். திடீரென்று "உன் இஷ்டம்" என்று சொன்னால், பயத்தில் பத்திரமான இடத்துக்குத்தான் ஓடும்.

அதனால் இதைத் தடை செய்யாதீர்கள். தடை போட்டால், எது வரையலாம் எது கூடாது என்பதை மறுபடியும் நாம்தான் முடிவு செய்கிறோம் என்று ஆகும். பொருளை மாற்றிக் கொடுங்கள். களிமண்ணில் அந்த மலைக்காட்சியைச் செய்ய முடியாது, கை தானாகவே வேறொன்றைத் தேடும். தாளின் அளவை மாற்றுங்கள்: உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, முழு சார்ட் அளவுக்கு ஒன்று. நீளமான பட்டைத் தாளில் சூரியனுக்கும் மலைக்கும் இடம் போதாது. ஆனால் ஒரு பஸ், ஒரு பாம்பு, மார்க்கெட் தெரு எல்லாம் அழகாக உட்காரும்.

அப்புறம் கேள்வி கேளுங்கள். "இந்த வீடு யாருடையது? உள்ளே யார் இருக்காங்க?" வீட்டு வாசலில் ஒரு பாட்டியை வரைந்த பிள்ளையிடம் இப்படிக் கேட்டபோது, பாட்டி வெற்றிலை இடிக்கிறார் என்று சொல்லி இடிகல்லை வரைந்தது, அதற்கு இடம் போதாமல் அடுத்த தாளை எடுத்து, உரல், பாக்குப்பெட்டி, பாட்டியின் காதுத் தோடு என்று பெரிதாக வரையத் தொடங்கியது. மலையும் சூரியனும் அந்த முதல் தாளிலேயே தங்கிவிட்டன.

"என் பையன் வாரா வாரம் லாரிதான். வேற எதுவும் வரைய மாட்டேங்கிறான்."

தேதி போட்டு எடுத்து வைத்திருந்தால், முதல் லாரியையும் சமீபத்திய லாரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் ஒரு பெட்டி, இரண்டு வட்டம். இப்போது பக்கவாட்டில் டீசல் டேங்க் இருக்கும், கட்டிய தார்ப்பாயின் கயிறு இருக்கும், அடியில் ஸ்டெப்னி, முன்னால் எலுமிச்சை மிளகாய், பின்னால் எழுத்து. இது ஒரே படம் அல்ல. ஒரு விஷயத்தை விடாமல் ஆராய்வது. பெரிய ஓவியர்கள் ஒரே மலையையும் ஒரே குளத்தையும் வருஷக்கணக்கில் வரைந்திருக்கிறார்கள்.

உண்மையிலேயே எந்த மாற்றமும் இல்லாமல் பல வாரம் ஓடினால், லாரியை விடச் சொல்லாமல் லாரியையே கொஞ்சம் நகர்த்துங்கள். அட்டைப்பெட்டியில் லாரி செய்யலாமா? மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? இது எங்கே போகுது, என்ன ஏத்தியிருக்கு?

"'என்ன வரையுறதுன்னே தெரியல'ன்னு சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளையை என்ன பண்றது?"

முதலில் கொஞ்ச நேரம் விடுங்கள். சுற்றிப் பார்ப்பதும் வேலைதான். அப்படியும் தொடங்கவில்லை என்றால் தேர்வைச் சிறியதாக்குங்கள், மூன்று வயதுக்குச் சொன்ன அதே வழி. "கரியா, வண்ணமா?" கரி என்றால், "தேய்க்கலாமா, கோடு போடலாமா?" கை அசையத் தொடங்கினால் எண்ணம் பின்னாலேயே வந்துவிடும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அதையே வரைவதும் தொடங்க ஒரு நல்ல வழி. காப்பி என்று பிடுங்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் வேறு வேறு படமாகிவிடும்.

"'மிஸ், ஒரு யானை வரைஞ்சு தாங்க'ன்னு கேட்டா வரைஞ்சு கொடுக்கலாமா?"

பிள்ளையின் தாளில் மட்டும் கை வைக்காதீர்கள். நீங்கள் ஒரு காதை வரைந்து கொடுத்தாலே, அந்தப் படத்தில் அதுதான் நல்ல பகுதி என்று பிள்ளை முடிவு செய்துவிடும். அடுத்த முறையும் தாளை உங்களிடமே நீட்டும்.

அதற்காக "உனக்குத் தெரிந்த மாதிரி வரை" என்று திருப்பி அனுப்புவதும் சரியல்ல. உதவி கேட்டு வந்த பிள்ளையைக் கைவிடுவது அது. யானைப் படம் ஒன்றை எடுத்து வைத்துச் சேர்ந்து பாருங்கள். தும்பிக்கை எங்கேயிருந்து தொடங்குது? காது தலையை விடப் பெரிதா சின்னதா? கால் தூண் மாதிரியா, ஆட்டுக்கால் மாதிரியா? விரலால் காற்றில் வரையச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் வேறு தாளில், இரண்டு மூன்று விதமான யானைக் காதுகளை வரைந்து காட்டிவிட்டு அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். நுட்பம் கற்றுத் தருவது எந்த வகையிலும் சுதந்திரத்துக்கு எதிரி அல்ல.

"கலரிங் புக் கெடுதலா? எல்லைக்குள்ள அடிச்சாதானே கை பழகும்?"

லோவன்ஃபெல்ட் அதைக் கடுமையாக எதிர்த்தார். அச்சிட்ட கச்சிதமான உருவத்தைப் பார்த்துப் பார்த்து, தன் கோடு மட்டம் என்று பிள்ளை நினைக்கத் தொடங்கும் என்பது அவர் வாதம். என் அனுபவமும் அதையேதான் சொல்கிறது. ரயில் பயணத்தில், காய்ச்சலில் படுத்திருக்கும்போது வீட்டில் அடித்துக்கொண்டிருக்கட்டும், குற்றமில்லை. வாரத்துக்கு ஒரே ஒரு ஓவிய பீரியடை அதில் செலவழிக்க வேண்டாம்.

கை பழக, தான் வரைந்த லாரிக்குத் தானே வண்ணம் அடித்தாலும் எல்லை இருக்கத்தான் செய்கிறது. களிமண் உருட்டுவது, தாள் கிழிப்பது, வெட்டுவது, மணி கோர்ப்பது எல்லாம் விரலுக்கு அதைவிட நல்ல வேலை.

"அப்போ கோலம்? அது புள்ளி வச்சு, முறைப்படி போடுறதுதானே. அதைக் கத்துத் தரக் கூடாதா?"

தாராளமாகக் கற்றுத் தரலாம். இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பாட்டி. எங்கள் வகுப்பில் அவரையே ஒரு நாள் செய்முறை காட்டச் சொன்னோம். அச்சிட்ட மயிலுக்குள் வண்ணம் நிரப்பினால் முடிவு முன்பே தெரிந்த ஒன்று. கோலத்தில் விதி மட்டும்தான் கொடுக்கப்படுகிறது. புள்ளியைச் சுற்று, கோட்டை அறுக்காதே, தொடங்கிய இடத்தில் வந்து சேர். அந்த விதிக்குள் எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எங்கே வளைப்பது என்பதெல்லாம் போடுபவர் கையில். சிக்குக் கோலத்தில் பத்துப் பேர் ஒரே புள்ளி வரிசையில் பத்து விதமாகப் போடலாம். 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து கோல வடிவங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதிய அளவுக்கு அதில் கணக்கு இருக்கிறது.

ஆகவே கோலமாவு ஒரு மூலையில் இருக்கட்டும். பிடித்த பிள்ளை போகட்டும், ஆண் பிள்ளைகளும் போகட்டும். எங்கள் வகுப்பில் அந்த மூலைக்குக் கூட்டம் எப்போதும் உண்டு. மார்கழியில் எல்லாரும் கோலம்தான் போட வேண்டும் என்று ஆக்கிவிடாமல் இருந்தால் சரி.

"வானத்துக்குப் பச்சை, யானைக்குப் பிங்க் அடிக்கிறா. திருத்தணுமா?"

வேண்டாம். உருவங்கள் பிறக்கும் காலத்தில் பிள்ளை நிறத்தைத் தேர்வு செய்வது தனக்குப் பிடித்ததற்காகத்தான், பொருளின் நிறத்துக்காக அல்ல. வானம் நீலம், இலை பச்சை என்பது ஏழு வயதையொட்டித் தானாக வரும். அதற்கப்புறம் பச்சை வானமே வராமல் போய்விடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எட்டு வயதான பையன் இலையைச் சரியாக வரைய நினைத்து, திரும்பத் திரும்பப் பழுப்பு கிரையானை எடுத்து, அது பச்சை என்றே சொன்னால், கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத குறை ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். அட்டையைக் காட்டிச் சில நிமிடத்தில் சோதித்துவிடலாம். தெரிந்துவிட்டால் கிரையானில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிக் கொடுக்கலாம்.

"தாள் முழுக்கக் கருப்பு பூசுறான், துப்பாக்கி, ரத்தம்னு வரையுறான். மனசுல ஏதாவது பிரச்சினை இருக்குமா?"

வெள்ளைத் தாளில் கருப்பைப் போல வேறெந்த நிறமும் எடுப்பாகத் தெரியாது. பிள்ளைக்கு அது பிடிப்பதற்கு அந்தக் காரணமே போதும். துப்பாக்கியும் ரத்தமும் பெரும்பாலும் நேற்றுப் பார்த்த சினிமா. ஒரு படத்தை வைத்துக்கொண்டு பிள்ளையின் மனதைக் கணிக்கும் வேலையை நாம் செய்யவே கூடாது. எங்கள் வகுப்பில் சண்டை வரையலாம். அடி வாங்குபவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையாக இருக்கக் கூடாது, அந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன்.

படத்தோடு சேர்ந்து பிள்ளையும் மாறினால் அது வேறு விஷயம். சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது, ஒருவரைப் பார்த்து ஒடுங்குகிறது, தன்னை யாரோ நோகடிப்பதைப் படத்திலோ வாயாலோ சொல்கிறது என்றால், "இதைப் பத்திச் சொல்லு" என்று மட்டும் கேட்டு, சொல்வதை அப்படியே கேளுங்கள். பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, ஆசிரியரும் கூப்பிடலாம்.

"'சூப்பர்'னு சொல்றதுல என்ன தப்பு? போட்டிக்கு அனுப்பினா நல்லதுதானே?"

எல்லாப் படத்துக்கும் "சூப்பர்" சொன்னால், நீங்கள் படத்தைப் பார்க்கவே இல்லை என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும். பார்த்ததைச் சொல்லுங்கள். "தார்ப்பாய்க்கு மட்டும் கிரையானைப் படுக்க வச்சுத் தேய்ச்சிருக்க." அதைக் கேட்ட பிள்ளை நிமிர்ந்து உட்காரும், எப்படிச் செய்தேன் என்று விளக்கத் தொடங்கும்.

பரிசைப் பற்றி 1973-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், ஏற்கெனவே ஆசையாக வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம் மட்டும் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத சாதாரண விளையாட்டு நேரத்தில் பார்த்தபோது, அந்தப் பிரிவினர் மற்றவர்களை விடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளின் ஆசை குறையவில்லை.

அதனால் போட்டிக்காகப் படம் தயாரிக்காதீர்கள். ஏற்கெனவே வரைந்த படத்தை அனுப்பலாமா என்று பிள்ளையிடம் கேட்டு, சரி என்றால் அனுப்புங்கள். "சேவ் வாட்டர்" தலைப்பில் ஒரே மாதிரி குழாய் வரைந்து ஒரு மாதம் பழக்குவதுதான் பிள்ளைகளை ஓவியத்தை விட்டு ஓட வைக்கிறது.

"ரிப்போர்ட் கார்டுல கிரேடு போடணுமே. எதை வச்சுப் போடுறது?"

அழகை வைத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல். படத்தின் பின்னால் தேதியும், பிள்ளை சொன்ன ஒரு வரியும். பருவத்தின் முடிவில் புரட்டினால் போதும்: புதுப் பொருளைத் தொட்டதா, தொடங்கியதை வளர்த்ததா, சிக்கல் வந்தபோது வழி தேடியதா, பொருளை ஒழுங்காகத் திரும்ப வைத்ததா? லாரிப் பையனுக்கு இந்தக் கணக்கில் நல்ல கிரேடுதான். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைச் சொல்வதை விட, முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மேசையில் வைத்துவிடுங்கள்.

"ஆண்டு விழாவுக்குச் சுவர் முழுக்க நீட்டா இருக்கணும்னு ஹெச்.எம். சொல்றாங்க. கிறுக்கலை எப்படி ஒட்டுறது?"

முப்பது ஒரே மாதிரி மயிலை ஒட்டினால், வந்தவர்கள் அதை ஆசிரியரின் கைவேலை என்றுதான் பார்ப்பார்கள். சுத்தமாகக் காட்ட வேண்டும் என்ற கவலை நியாயமானது. அதைப் படத்தின் சட்டத்தில் (ஃபிரேமில்) தீர்த்துக்கொள்ளுங்கள்: ஒரே அளவு கருப்பு அட்டையில் ஒட்டி, நேராக மாட்டி, கீழே பிள்ளையின் வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "இது எங்க அத்தை ஊருக்குப் போன நாள். மழை." அதைப் படித்துவிட்டு யாரும் கிறுக்கல் என்று சொல்ல மாட்டார்கள். எந்தப் படத்தை மாட்டுவது என்பதையும் பிள்ளையிடம் கேளுங்கள்.

"அழகா வரைஞ்சு முடிச்சதை அவளே கருப்பு பூசி அழிச்சுட்டா. நான் தடுத்திருக்கணுமா?"

பார்க்கவே பதறும், தெரியும். ஆனால் கவனித்துப் பாருங்கள், பல நேரம் அது அழிப்பதே இல்லை. ராத்திரி ஆகிவிட்டது, மழை கொட்டிவிட்டது, திரை மூடிவிட்டது. படத்துக்குள் கதை நகர்கிறது. "என்ன ஆச்சு?" என்று கேட்டால் தெரிந்துவிடும். படம் எப்போது முடிந்தது என்பது அவள் முடிவு என்று முதல் பதிலிலேயே சொன்னேன். அந்த வாக்கு நமக்குப் பிடித்த படத்துக்கும் சேர்த்துத்தான்.

கோபத்தில் அழித்தால், கிழித்தால், அப்போது பேசலாம். கிழித்த துண்டுகளை ஒட்டி வேறு படம் செய்ய முடியும் என்று காட்டுங்கள். அவரவர் படத்தை அவரவர் கிழிக்கலாம். அடுத்தவர் படத்தைத் தொடக் கூடாது.

"ஒன்பது வயசு ஆனதும் 'எனக்கு வரைய வராது'ன்னு ஒதுங்கிட்டா. இவ்வளவு சுதந்திரம் கொடுத்தும் ஏன் இப்படி?"

"நிஜம் மாதிரி வரணும்" என்ற ஆசை வந்துவிட்டது. கண் முன்னேறிவிட்டது, கை இன்னும் அங்கே வரவில்லை. இந்த இடத்தில் "உனக்குப் பிடிச்ச மாதிரி வரை, எல்லாமே அழகுதான்" என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அது பொய்யாகத் தெரியும். இப்போது தேவை தேர்வு மட்டும் அல்ல, திறமை. அவள் கேட்பதைக் கற்றுக் கொடுங்கள், நேரடியாக, பொறுமையாக.

தன் செருப்பை மேசை மேல் வைத்துப் பார்த்து வரையட்டும். தாளைப் பார்க்காமல் செருப்பை மட்டும் பார்த்துக் கண்ணோடு சேர்த்துக் கோட்டை இழுக்கட்டும். செருப்புக்குள் இருக்கும் வெற்றிடம் என்ன வடிவம் என்று பார்க்கட்டும். பக்கத்தில் இருக்கும் ஆட்டோ சிறிதாகவும் தூரத்தில் இருப்பது பெரிதாகவும் விழுந்துவிட்டால், பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடி அளக்கக் காட்டுங்கள். நிஜம் மாதிரி வராவிட்டாலும் நிற்கிற வேலைகளும் பக்கத்திலேயே இருக்கட்டும்: அச்சு, களிமண், வெட்டி ஒட்டுதல், சித்திரக்கதை. எது என்று அவளே சொல்லட்டும். சித்திரக்கதை வழியாகத் திரும்பி வந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் நிறைய. கையை எப்படி வரைவது என்று அவர்களே வந்து கேட்கிறார்கள், ஏனென்றால் கதையில் ஒருவன் கதவைத் திறந்தாக வேண்டும்.